வீட்டுக்குள் கடலைக் கொண்டுவந்த எழுத்தர்: பிலிப் ஹென்றி கோஸ்



நம் குடியிருப்பில் பல வீடுகளின் வரவேற்பறையில் மீன் தொட்டி இருக்கிறது. பெரும்பாலும் தங்கமீன், கப்பி, மோலி என்று நன்னீர் மீன்கள்தான். இப்போது ஓரிருவர் உப்புத் தண்ணீர்த் தொட்டி, அதாவது கடல் மீன் தொட்டி வைக்க ஆசைப்படுகிறார்கள். கோமாளி மீனும் கடல் சாமந்தியும் இருக்கும் தொட்டியைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? அந்த ஆசை உள்ளவர்களும், ஆசை இல்லாமல் வெறுமனே படிப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு மனிதரைப் பற்றி இந்த இதழில் எழுதுகிறேன். அக்வேரியம் என்ற சொல்லை உலகம் முழுவதும் வீட்டுச் சொல்லாக ஆக்கியவர் அவர். பெயர் பிலிப் ஹென்றி கோஸ். பெயரைக் கேட்டதும் உங்களுக்கு முட்டைக்கோஸ் நினைவுக்கு வரலாம், பரவாயில்லை. படித்து முடித்தபின் கடல் நினைவுக்கு வரும்.

இன்னொரு காரணமும் உண்டு. நான் வங்கியில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கோஸும் வாழ்க்கையை எழுத்தராகவே தொடங்கியவர். பேரேட்டில் பற்று வரவு எழுதிய கைதான் பிறகு கடலுக்கே ஒரு கணக்கு எழுதியது.

கணக்கு எழுதிய பையன்

கோஸ் பிறந்தது 1810 ஏப்ரல் 6 அன்று, இங்கிலாந்தில் உள்ள வூஸ்டர் நகரில். வளர்ந்தது பூல் என்ற துறைமுக ஊரில். தந்தை சிறிய அளவில் உருவப்படங்கள் வரையும் ஓவியர். ஊர் ஊராகப் போய் வரைந்து கொடுத்துப் பிழைத்தவர் என்பதால் வீட்டில் வசதி குறைவு. ஆனால் நுணுக்கமாக வரையும் திறமை மகனுக்கு வந்து சேர்ந்தது. பின்னாளில் தன் புத்தகங்களுக்கு வண்ணப் படங்களைத் தானே வரைய அந்தத் திறமை உதவியது.

பூலில் பெல் என்ற அத்தை ஒருவர் இருந்தார். இயற்கை ஆராய்ச்சியில் ஈடுபாடு உள்ளவர். கடற்கரைப் பாறையில் ஒட்டியிருக்கும் கடல் சாமந்தியை ஒரு பாத்திரத்தில் கடல் நீர் ஊற்றி வைத்து வளர்த்துப் பார் என்று பையனுக்கு யோசனை சொன்னவர் அவர்தான். நாற்பது வயதுக்கு மேல் கோஸ் செய்த வேலைக்கு விதை அங்கேயே விழுந்துவிட்டது என்று சொல்லலாம்.

15 வயதில் பூலில் ஒரு வணிக நிறுவனத்தின் கணக்கு அறையில் வேலைக்குச் சேர்ந்தார். 1827இல், 17 வயதில், கப்பலேறி நியூஃபவுண்ட்லாந்து தீவுக்குப் போனார். இன்று அது கனடாவின் பகுதி. காட் மீனும் சீல் எண்ணெயும் விற்கும் வணிகர்களின் கார்பனியர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. எட்டு வருடம் அங்கே கடிதங்களைப் பிரதி எடுத்து, கணக்குப் புத்தகங்களை நிரப்பினார்.

அங்கே 1832இல் உருப்பெருக்கியைப் பற்றிய பழைய புத்தகம் ஒன்றை வாங்கினார். அதைப் படித்த நாளிலிருந்து பூச்சிகளைச் சேகரித்து, வரைந்து, குறிப்பு எழுதத் தொடங்கினார். பகலில் முதலாளியின் கணக்கு, மாலையில் பூச்சிகளின் கணக்கு. அதே வருடம் சமய நம்பிக்கையிலும் தீவிரமானார். இயற்கையும் பைபிளும் என்ற இந்த இரண்டும் கடைசிவரை அவரை விடவில்லை.

எதிலும் நிலைக்காத வருடங்கள்

1835இல் வேலையை விட்டுவிட்டு, கியூபெக் பகுதியில் காம்ப்டன் என்ற ஊரில் நிலம் வாங்கி விவசாயம் செய்தார். மூன்று வருடம் பாடுபட்டும் கையில் ஒன்றும் நிற்கவில்லை. அங்கிருந்து 1838இல் அமெரிக்காவின் அலபாமாவுக்குப் போய்ப் பள்ளி ஆசிரியராக இருந்தார். அங்கே அடிமைகள் நடத்தப்பட்ட விதம் அவரை மிகவும் வருத்தியது. சில மாதங்களில் கிளம்பி 1839இல் இங்கிலாந்து திரும்பினார்.

வயது 29. கையில் பணம் இல்லை. பட்டம் இல்லை. இருந்ததெல்லாம் குறிப்புப் புத்தகங்களும் படங்களும்தான். அந்தக் குறிப்புகளிலிருந்து எழுதிய கனடா இயற்கை பற்றிய புத்தகம் 1840இல் வெளியானது. பெல் அத்தையின் மகன் தாமஸ் பெல் அப்போது பெயர்பெற்ற விலங்கியல் அறிஞர். அவர் உதவியால்தான் அது அச்சேறியது. பிறகு 1844இல் ஜமைக்காவுக்குப் போய் ஒன்றரை வருடம் தங்கினார். அங்குள்ள பறவைகளைப் பற்றி 1847இல் எழுதிய நூல் அவருக்கு அறிஞர்கள் நடுவே நல்ல பெயர் வாங்கித் தந்தது.

1848இல் எமிலி பவ்ஸ் என்பவரை மணந்தார். எமிலி அவரைவிட மூத்தவர், சமயத் துண்டுப் பிரசுரங்கள் எழுதியவர். மறு வருடம் செப்டம்பரில் ஒரே மகன் எட்மண்ட் பிறந்தான். அன்று கோஸ் தன் நாட்குறிப்பில் மகன் பிறந்ததையும், ஜமைக்காவிலிருந்து ஒரு பச்சைத் தகைவிலான் வந்து சேர்ந்ததையும் அடுத்தடுத்து ஒரே மாதிரிப் பதிவு செய்திருக்கிறார். வரவு வந்த வரிசையில் எழுதும் எழுத்தர் பழக்கம் போகவில்லை!

அவருக்கு முன் முயன்றவர்கள்

கோஸ் தனி ஆளாகக் கடல் தொட்டியைக் கண்டுபிடித்தார் என்று சொன்னால் அது தவறு. அன்னா தின் என்ற பெண்மணி 1846இல் டார்க்கி கடற்கரையில் எடுத்த சிறு பவள உயிர்களை ஜாடியில் வைத்து லண்டனுக்குக் கொண்டுவந்தார். புதுக் கடல் நீர் தினமும் கிடைக்காது. அதனால் இருக்கிற நீரையே திறந்த ஜன்னலருகே ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றச் செய்தார். நாம் டீ ஆற்றுகிறோமே, அதே மாதிரி. தினமும் முக்கால் மணி நேரம்வரை இந்த வேலை நடந்தது. ஆற்றியது வீட்டுப் பணிப்பெண் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். மறு வருடம் கடற்பாசியையும் தொட்டியில் சேர்த்தார். அவருடைய பவளங்கள் மூன்று வருடத்துக்கு அருகில் உயிரோடு இருந்தன.

ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் 1850 வாக்கில் ஒரு நன்னீர்த் தொட்டியில் தங்கமீன், நீர்ச்செடி, நத்தை மூன்றையும் சேர்த்து வைத்தார். மீன் வெளிவிடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்கிறது, செடி தரும் ஆக்சிஜனை மீன் எடுத்துக்கொள்கிறது, அழுகும் இலையை நத்தை தின்றுவிடுகிறது. வரவும் செலவும் சரியானால் தண்ணீரை மாற்றவே தேவையில்லை என்று அவர் காட்டினார். கண்ணாடிக்கு இருந்த வரியை இங்கிலாந்து அரசு 1845இல் நீக்கிவிட்டதால் கண்ணாடி விலையும் குறைந்திருந்தது. ஆக, எல்லாம் கூடிவந்த நேரம் அது.

டெவன் கரையில்

ஓயாமல் எழுதியதால் கோஸின் உடல்நிலை கெட்டது. தலைவலி, செரிமானக் கோளாறு, நரம்புத் தளர்ச்சி. கடற்கரைக்குப் போய் ஓய்வெடுங்கள் என்றார்கள். 1852 தொடக்கத்தில் மனைவி, குழந்தையோடு டெவன் கடற்கரைக்குப் போனார். ஓய்வெடுத்தாரா? இல்லை. அலை இறங்கும் நேரம் பார்த்து, சுத்தியும் உளியும் கூடையும் எடுத்துக்கொண்டு பாறைகளுக்கு இறங்கிவிடுவார். பாறைக் குட்டையில் மார்பளவு நீரில் நின்று, பாறையின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்ப்பார். இல்ஃபிராகூம் என்ற ஊரில், தீப்போன்ற சிவப்பும் பொன்னிறமும் கலந்த ஒரு சிறு பவளத்தை அறிவியலுக்கே புதியதாகக் கண்டெடுத்தது அப்போதுதான்.

எடுத்ததை வாடகை வீட்டு ஜாடிகளில் வைத்து, கடற்பாசியோடு சேர்த்து வளர்த்துப் பார்த்தார். தண்ணீர் மாற்றாமலே உயிர்கள் வாரக்கணக்கில் பிழைத்தன.

இதே நேரத்தில் லண்டன் ரீஜென்ட்ஸ் பார்க் விலங்கியல் தோட்டம் மக்கள் பார்ப்பதற்கென்று ஒரு மீன் வீடு கட்டிக்கொண்டிருந்தது. அது 1853 மே மாதம் திறக்கப்பட்டது. உலகின் முதல் பொது அக்வேரியம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அங்குள்ள கடல் தொட்டிகளுக்கு உயிர்கள் வேண்டுமே! கோஸ் வெய்மவுத் கடற்கரையில் தங்கி, சேகரித்துச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார். அதுவரை கடலுக்கு அடியில் இருப்பதை மனிதர்கள் பார்த்தது செத்த பிறகுதான், சாராயத்தில் ஊறிய நிறமிழந்த உடலாகத்தான். உயிரோடு, நிறத்தோடு, பக்கவாட்டில் நின்று பார்த்த கூட்டம் வியந்து போனது.

1854இல் 'தி அக்வேரியம்' என்ற அவருடைய புத்தகம் வந்தது. விவேரியம், அக்வா விவேரியம் என்று ஆளுக்கொரு பெயரில் சொல்லிக்கொண்டிருந்ததை மாற்றி, அக்வேரியம் என்ற எளிய சொல்லை அந்தப் புத்தகம் நிலைநிறுத்தியது. மறு வருடம் செய்முறைக் கையேடு ஒன்றும் எழுதினார். 1856இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. பட்டம் வாங்காத பழைய எழுத்தருக்கு இது சின்னப் பெருமை இல்லை.

தொட்டியை அவர் நிரப்பிய விதம்

இனி வருவது தொட்டி வைக்க நினைப்பவர்கள் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி.

முதலில் தண்ணீர். லண்டன்வாசிகள் கடல் நீருக்கு எங்கே போவார்கள்? தேம்ஸ் நதி முகத்தைத் தாண்டிப் போகும் நீராவிக் கப்பல் ஊழியரிடம் சிறு தொகை கொடுத்து, கரையோரக் கலங்கல் இல்லாமல் நடுக்கடலில் மொண்டுவரச் சொல்லுங்கள் என்று எழுதினார். பீப்பாயைப் பற்றிக்கூட எச்சரிக்கை உண்டு. மது, வினிகர் வைத்த பீப்பாய் கூடாது. புது ஓக் மரமும் கூடாது. ஓக் மரத்தில் செய்த அடைப்பு ஒன்றே போதும், பீப்பாய் முழுவதும் கெட்டுவிடும் என்றார்.

அடுத்தது கடற்பாசி. தரைச்செடி போல அதற்கு உணவு உறிஞ்சும் வேர் கிடையாது. பாறையிலிருந்து பிய்த்து எடுத்தால் அழுகும். ஆகவே அது ஒட்டியிருக்கும் கல்லோடு சேர்த்து உளியால் பெயர்த்து எடுக்க வேண்டும். பெரிய பழுப்பு நிறப் பாசிகள் வேண்டாம், பச்சையும் சிவப்பும் நல்லது. இதைப் போட்டவுடன் உயிர்களை விடக் கூடாது. சில நாள் பாசியை மட்டும் விட்டு, தண்ணீர் பதப்பட்ட பிறகே ஒவ்வொன்றாக உயிர்களைச் சேர்க்க வேண்டும்.

பிறகு அன்றாடப் பராமரிப்பு. வெயில் நேராக விழக் கூடாது, ஆனால் வெளிச்சம் வேண்டும். கண்ணாடியில் பச்சை படிந்தால் அதை மேய்வதற்குச் சிறு கடல் நத்தைகள் போதும். செத்த உயிரை உடனே எடுத்துவிட வேண்டும், ஒன்று அழுகினால் மற்றதும் போகும். தொட்டியில் கூட்டம் சேர்க்கக் கூடாது.

தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் என்ன செய்வீர்கள்? பலர் உப்புத் தண்ணீரை ஊற்றிவிடுவார்கள். கூடாது. ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே நிற்கும். எனவே குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். உப்பு அசல் மாதிரி, உள்ளேயே இருக்கிறது. அதன்மேல் மீண்டும் உப்பு சேர்த்தால் கணக்கு ஏறிக்கொண்டே போகும்.

கடலுக்கு ஒரு கணக்கு

கடற்கரை இல்லாத ஊரில் இருப்பவர் என்ன செய்வார்? இந்தக் கேள்விக்கு கோஸ் 1854இல் பதில் கண்டுபிடித்தார். பிரைட்டன் கடல் நீரில் எந்த உப்பு எவ்வளவு என்று ஷ்வைட்சர் என்ற வேதியியலாளர் செய்த பகுப்பாய்வை எடுத்துக்கொண்டார். மிகச் சிறிய அளவில் இருப்பவற்றைத் தள்ளினார். சுண்ணாம்புச் சத்து சாதாரணத் தண்ணீரிலேயே கலந்திருக்கிறது என்று அதையும் தள்ளினார். மிஞ்சியது நான்கே பொருள்கள்.

நம் அளவில் சொன்னால், சமையல் உப்பு சுமார் 100 கிராம், எப்சம் உப்பு 7 கிராம், மெக்னீசியம் குளோரைடு 13 கிராம், பொட்டாசியம் குளோரைடு இரண்டரை கிராமுக்குச் சற்று மேல். இதற்கு நாலரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான தண்ணீர். கலந்து வடிகட்டி, ஹைட்ரோமீட்டர் என்ற மிதவைக் கருவியால் அடர்த்தி கடல் நீரோடு பொருந்துகிறதா என்று சரிபார்த்தார். முதலில் பாசி ஒட்டிய கற்கள், சில நாள் கழித்து உயிர்கள். பிழைத்துக்கொண்டன!

நண்பர்களே, இதை நீங்கள் உங்கள் சமையலறையில் செய்து பார்க்க வேண்டாம். இன்று கால்சியமும் மற்ற நுண்சத்துக்களும் சரியாகச் சேர்த்த கடல் உப்புக் கலவை பாக்கெட்டில் கிடைக்கிறது. ஆனால் அந்தப் பாக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் யோசனை இவருடையதுதான். கடலை விட்டு எவ்வளவு தூரத்தில் இருப்பவரும் கடல் தொட்டி வைக்கலாம் என்ற கதவைத் திறந்தது அந்த நான்கு வரிக் கணக்கு.

இன்னொரு விஷயமும் கவனியுங்கள். பாசி வெளிவிடும் ஆக்சிஜனால்தான் தண்ணீர் சுத்தமாகிறது என்று கோஸ் நம்பினார். அது பாதிதான் உண்மை. உயிர்களின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது நஞ்சு. கல்லிலும் மணலிலும் குடியேறும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்த பாக்டீரியாக்களை வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் பிரித்தெடுத்துக் காட்டியது 1890 வாக்கில். கோஸ் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். ஆனாலும் கல்லோடு பாசியை எடு, சில நாள் பொறு, கொஞ்சமாகச் சேர் என்று அவர் சொன்ன மூன்றும் இந்த பாக்டீரியாக்களுக்குத்தான் உதவின. காரணம் முழுதாகத் தெரியாமலே, பார்த்துப் பார்த்துப் பழகியதால் சரியான வழிக்கு வந்திருக்கிறார்.

வீட்டில் விழுந்த இடி

புத்தகங்கள் நன்றாக விற்றுக்கொண்டிருந்தபோதே 1856இல் எமிலிக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. வலி மிகுந்த சிகிச்சை பலன் தரவில்லை. 1857 பிப்ரவரியில் அவர் இறந்தார். எட்மண்டுக்கு அப்போது 7 வயது.

அதே வருடம் கோஸ் 'ஓம்ஃபலோஸ்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். கிரேக்க மொழியில் அதற்குத் தொப்புள் என்று பொருள். பாறை அடுக்குகளும் எலும்புப் படிவங்களும் உலகம் மிகப் பழையது என்று காட்டுகின்றன. பைபிளோ ஆறு நாளில் படைத்ததாகச் சொல்கிறது. இரண்டையும் இணைக்க, உலகம் படைக்கப்படும்போதே பழையது போன்ற அடையாளங்களோடு படைக்கப்பட்டது என்றார். ஆதாமுக்குத் தாய் இல்லை, ஆனாலும் தொப்புள் இருந்தது, அதுபோல என்றார். விஞ்ஞானிகளும் ஏற்கவில்லை, சமயவாதிகளும் ஏற்கவில்லை. புத்தகம் விற்கவில்லை. இரண்டு தரப்பையும் சேர்த்துவைக்க நினைத்தவர் இரண்டு தரப்பிடமும் தனிமைப்பட்டார்.

மகனை அழைத்துக்கொண்டு டார்க்கி அருகே செயின்ட் மேரிசர்ச் என்ற ஊரில் குடியேறினார். துக்கத்தைக் கடலில்தான் கரைத்தார். பிரிட்டனின் கடல் சாமந்திகள், பவளங்கள் அனைத்தையும் வகைப்படுத்தி, படம் வரைந்து, 1858 முதல் 1860வரை பகுதி பகுதியாக வெளியிட்டார். சிறுவன் எட்மண்ட் கூடவே பாறைகளில் அலைந்தான், பக்கத்தில் உட்கார்ந்து வரைந்தான். 1860இல் கோஸ் எலிசா பிரைட்வென் என்பவரை மறுமணம் செய்துகொண்டார். அவர் எட்மண்டுக்கு நல்ல தாயாக இருந்தார்.

எட்மண்ட் கோஸ் பிற்காலத்தில் பெரிய இலக்கிய விமர்சகரானார். நம் சரோஜினி நாயுடு இளம் வயதில் ஆங்கிலேயர் பாணியில் கவிதை எழுதிக்கொண்டு வந்தபோது, உங்கள் நாட்டைப் பற்றி எழுதுங்கள் என்று ஆலோசனை சொன்னவர் இவர்தான். 1907இல் தந்தையோடு தனக்கிருந்த உறவைப் பற்றி இவர் எழுதிய 'ஃபாதர் அண்ட் சன்' இன்றும் படிக்கப்படுகிறது. தந்தையின் கண்டிப்பான சமய வாழ்க்கையில் தான் மூச்சுத் திணறியதை அதில் எழுதியிருக்கிறார். பிள்ளை தந்தையைச் சற்று அதிகமாகவே கடிந்துகொண்டார், கோஸ் அவ்வளவு கடுமையானவர் இல்லை என்று பின்வந்த வரலாற்றாசிரியர் எழுதியதும் உண்டு. நம் வீடுகளில் நடக்காததா!

நிரம்பிய தொட்டிகள், காலியான கரைகள்

எனக்கு மனதில் தைத்த பகுதிக்கு வருகிறேன்.

கோஸின் புத்தகங்களைப் படித்தவர்கள் ஆயிரக்கணக்கில் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். ரயில் வசதி வந்துவிட்டது. கையில் சுத்தி, உளி, ஜாடி. பாசி, சாமந்தி, நண்டு, நத்தை எதுவும் மிஞ்சவில்லை. லண்டனில் கடல் தொட்டிக்கென்றே கடை வந்தது. வாங்கிய பலருக்குப் பொறுமை இல்லை. அவசரமாக நிரப்பினார்கள், எல்லாம் செத்தது, நாற்றம் அடித்தது, மறுபடியும் கரைக்குப் போய் நிரப்பினார்கள். சில வருடங்களில் மோகமும் தணிந்தது. ஆனால் பல ஆயிரம் வருடம் யாரும் தொடாமல் இருந்த பாறைக் குட்டைகள் வெறுமையாகிவிட்டன.

சிறு வயதில் தந்தையோடு பார்த்த அந்தக் குட்டைகள் இப்போது இல்லை என்று எட்மண்ட் ஏக்கத்தோடு எழுதியிருக்கிறார். இந்த அழிவுக்குத் தன் புத்தகங்களே வழிவகுத்தன என்பது தந்தைக்கும் தெரிந்துவிட்டது, அது அவரை மிகவும் வருத்தியது என்றும் சொல்கிறார். கடலைப் படைத்தவனின் கைவேலையாகப் பார்த்து வணங்கிய மனிதர் அவர். மற்றவர்களும் பார்க்கட்டும் என்றுதான் எழுதினார். பார்க்க வந்தவர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். தொட்டியின் வரவுப் பக்கத்தை இவ்வளவு துல்லியமாக எழுதியவர், கரையின் பற்றுப் பக்கம் இப்படி ஏறும் என்று எதிர்பார்க்கவில்லை.

கடைசி வருடங்களில் ஆர்க்கிட் செடிகள் வளர்த்தார், வானத்தைத் தொலைநோக்கியில் பார்த்தார், சக்கர உயிரிகள் என்ற நுண்ணுயிர்களைப் பற்றி ஹட்சன் என்பவரோடு சேர்ந்து 1886இல் பெரிய நூல் கொண்டுவந்தார். 1888 ஆகஸ்ட் 23 அன்று, 78ஆவது வயதில் காலமானார்.

நாம் என்ன செய்யலாம்

கடல் தொட்டி வைக்க நினைக்கும் நம் குடியிருப்பு நண்பர்களுக்குச் சில வார்த்தைகள்.

எடையைக் கணக்கிடுங்கள். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டியில் தண்ணீர் மட்டுமே சுமார் 190 லிட்டர், அதாவது 190 கிலோ. கண்ணாடி, கல், மணல், மேசை எல்லாம் தனி. பால்கனி ஓரத்தில் வைக்காதீர்கள். பெரிய தொட்டி என்றால் கட்டடப் பொறியாளரிடம் கேட்டபிறகு வையுங்கள்.

உப்பு நீர் தெறித்துக் காய்ந்தால் மின் செருகிகள் அரித்துப் போகும். பிளக் பாயின்ட் தொட்டிக்கு நேர் கீழே வேண்டாம். கசிவு வந்தால் கீழ்வீட்டுக் கூரைக்குள் உப்பு இறங்கும், கம்பி துருப்பிடிக்கும். இது உங்கள் வீட்டோடு முடிகிற விஷயம் இல்லை.

அவசரப்படாதீர்கள். தண்ணீர், உப்பு, கல், மணல் போட்டு நான்கு முதல் ஆறு வாரம் காத்திருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று சோதனைக் குழாயில் காட்டிய பிறகே முதல் மீன். அதுவும் ஒன்றோ இரண்டோதான்.

எதை வாங்குகிறோம் என்று கேளுங்கள். பவளம், கடல் குதிரை, கடல் அட்டை போன்றவை நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள பவளப் பாறைகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கிருந்து பெயர்த்த பவளக் கல் உங்கள் தொட்டிக்கு வந்தால், டெவன் கரையில் நடந்தது இங்கேயும் நடக்கிறது என்று பொருள். அதற்குப் பதில் செயற்கைக் கல் கிடைக்கிறது. கோமாளி மீனைப் பண்ணையிலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் உருவாக்கியிருக்கிறது. கடையில் மீன் வாங்கும்போது பண்ணையில் பிறந்ததா, கடலில் பிடித்ததா என்று கேளுங்கள். கடைக்காரர் பதில் சொல்லத் தயங்கினால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

தொட்டி வைக்க விருப்பம் இல்லாதவர்கள் பேரக்குழந்தைகளை அழைத்துக்கொண்டு, அலை இறங்கிய நேரத்தில் ஒரு பாறைக் கரைக்குப் போய் வாருங்கள். குனிந்து பாருங்கள், காட்டுங்கள். எதையும் எடுக்காமல் வந்துவிடுங்கள்.

அடுத்த இதழில் இன்னொருவரின் வாழ்க்கையோடு சந்திப்போம். கருத்து இருந்தால், மாலையில் பூங்கா பெஞ்சில் இருப்பேன், நேரிலேயே சொல்லலாம்.